பொருள வச்சு முகம் செஞ்ச படப் புத்தகங்கள்: எந்தக் குழந்தைக்கு எது வாங்கலாம்?

பட்டன் கண்ணு, ஸ்பிரிங் முடி, பிரஷ் மீசை, இப்படி கையில கிடைக்கிற பொருள அடுக்கி முகம் செஞ்சு அத போட்டோ எடுத்துப் போட்ட படப் புத்தகங்கள்ல எத வாங்குறதுன்னு கேட்டா ஒரே பேர சொல்லிட்டுப் போக முடியல, ஏன்னா அட்டைய பாத்தா எல்லாம் ஒரே ரகம் மாதிரி இருக்கும், உள்ள போனா பொருள் செய்யிற வேலை ஒவ்வொண்ணுலயும் வேற. ஒண்ணுல அந்தப் பொருள் அந்த ஆளோட குணத்த சொல்லுது. இன்னொண்ணுல அவங்க மனநிலைய சொல்லுது. இன்னும் சிலதுல வடிவம் பொருந்துது, அவ்வளவுதான், வேற காரணம் கிடையாது. மூணுமே நல்லதுதான், ஆனா புத்தகத்த மூடி வச்ச பிறகு குழந்தை என்ன பேசும், என்ன செய்யப் பாக்கும்ங்கிறது இத வச்சுதான் மாறுது, அதனால நான் வயசப் பாக்குறதுக்கு முன்னாடி இததான் பாப்பேன்.

முதல்ல குணத்த சொல்ற வகை. இதுல பெரிய பேரு ஹனோக் பிவென். 1963ல உருகுவேல பிறந்து, சின்ன வயசுலயே இஸ்ரேலுக்குப் போயி, அப்புறம் நியூயார்க்ல இல்லஸ்ட்ரேஷன் படிச்சவரு. சதாம் உசேன் முகம் செய்யும்போது மீசைக்கு தீக்குச்சிகள வச்சாரே, அங்கதான் இவரோட பாணியே ஆரம்பிக்குது. தீக்குச்சி மீசை மாதிரியும் இருக்கு, எப்ப வேணா பத்திக்கும்ங்கிறதயும் சொல்லுது, ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குது பாருங்க, அதுதான் விஷயமே. இவரோட குழந்தைகள் புத்தகங்கள்ல நான் முதல்ல கை காட்டுறது 2007ல வந்த 'மை டாக் இஸ் அஸ் ஸ்மெல்லி அஸ் டர்ட்டி சாக்ஸ்'. ஒரு பொண்ணு தன் குடும்பத்த சாதாரணமா வரையிறா, வரைஞ்சு முடிச்சதும் இது எங்க வீட்டு ஆளுங்க மாதிரியே இல்லயேன்னு அவளுக்கே தோணுது, சரி எப்படித்தான் இருப்பாங்கன்னு ஒவ்வொருத்தரா சொல்ல ஆரம்பிக்கிறா. அப்பா ஸ்பிரிங் மாதிரி துள்ளுவாரு, பம்பரம் மாதிரி விளையாட்டுப் பிள்ளை, ஆனா கயித்துல விழுந்த முடிச்சு மாதிரி பிடிவாதக்காரரு. சொல்லச் சொல்ல அந்தந்தப் பொருள் பக்கத்துல வந்துடுது, அப்புறம் அதே பொருளெல்லாம் சேந்து அப்பா முகமா நிக்குது.

இந்தப் புத்தகத்த படிச்சுக் காட்டுறவங்க அந்த இடத்துல அவசரமா பக்கத்த திருப்பிடக் கூடாது. பொருள மட்டும் பாத்துட்டு, இதுல எது மூக்காகும் எது கண்ணாகும்னு குழந்தைய சொல்ல விடுங்க, அப்புறம் திருப்புங்க. சரியா சொன்னாலும் தப்பா சொன்னாலும் அவங்க முகத்துல வர்ற சந்தோஷம் ஒண்ணுதான். அடுத்த தடவ படிக்கும்போது ஏன் முடிச்சுன்னு கேளுங்க, ஏன் ஸ்பிரிங்குன்னு கேளுங்க. கொஞ்ச நாள் போனா நாம கேக்கவே வேண்டாம், அவங்களே வீட்டுல உள்ளவங்கள பொருளாக்க ஆரம்பிச்சுடுவாங்க. என் அக்கா பொண்ணு அவ அண்ணன் முகத்த ஒரு தட்டுல செஞ்சா, ரெண்டு கண்ணுக்கும் மூடி, முடிக்கு நூல், வாய்க்கு மட்டும் துணி மாட்டுற கிளிப்ப வச்சா. ஏன் கிளிப்புன்னு கேட்டேன். "அவன் ஒரு விஷயத்த புடிச்சா விடமாட்டான்ல" அப்படின்னா. அவளுக்கு அப்ப உவமைன்னா என்னன்னே தெரியாது, ஆனா அவ சொன்னது சுத்தமான உவமை, அதுவும் அவளே கண்டுபிடிச்சது.

இந்த வகைக்கு வயசு ஒரு அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் சரியா இருக்கும். அதுக்குக் கீழ பொருள ரசிப்பாங்க, ஆனா பிடிவாதத்துக்கும் முடிச்சுக்கும் என்ன சம்பந்தம்னு பிடிபடாது. அது ஒண்ணும் குறை இல்ல, சின்னதுல படம் பாத்த புத்தகத்தயே ரெண்டு வருஷம் கழிச்சு எடுத்து அர்த்தத்தோட படிப்பாங்க, அந்தக் கணக்குல பாத்தா இது நீண்ட நாள் வர்ற புத்தகம். இதே ஆளோட 2010 புத்தகம் 'மை பெஸ்ட் ஃப்ரெண்ட் இஸ் அஸ் ஷார்ப் அஸ் எ பென்சில்', அதுல பாட்டி வந்து ஸ்கூல பத்தி கேள்வியா கேக்குறாங்க, குழந்தை டீச்சர், ஃப்ரெண்ட்ஸ்னு ஒவ்வொருத்தரயும் பொருளால சொல்லுது. ரெண்டுல ஒண்ணுன்னா வீட்டுக்கு முதல் புத்தகம், கிளாஸ் ரூமுக்கு ரெண்டாவது, ஏன்னா பசங்க யார பத்திப் பேசப் போறாங்களோ அந்த ஆளுங்க புத்தகத்துலயும் இருந்தா பேச்சு தானா வரும்.

அவரே 2004ல பண்ணுன 'வாட் பிரெசிடெண்ட்ஸ் ஆர் மேட் ஆஃப்' ரொம்ப பாராட்டு வாங்குன புத்தகம், அமெரிக்க ஜனாதிபதிகள ஒவ்வொருத்தரா எடுத்து, அவங்க வாழ்க்கையில நடந்த ஒரு சின்ன சம்பவத்த சொல்லி, அதுக்கேத்த பொருள்கள்ல முகம் செஞ்சிருக்காரு. அழகான வேலை. ஆனா முகத்த முன்னாடியே தெரிஞ்சிருந்தாதான் அட இவரேதான்னு தோணும், அந்த ஜனாதிபதிகள யாருன்னே தெரியாத குழந்தைக்கு பாதி சுவை போயிடுது. 2006ல வந்த விளையாட்டு வீரர்கள் புத்தகத்துக்கும் இதே கதைதான். ஏற்கனவே அந்த ஆளுங்க மேல ஆர்வம் இருக்கிற எட்டு ஒம்பது வயசுப் பிள்ளைக்கு வாங்கலாம், மத்தவங்களுக்கு அவசரம் இல்ல.

இப்ப மனநிலைய சொல்ற வகை. சாக்ஸ்டன் ஃப்ரைமனும் யூஸ்ட் எல்ஃபர்ஸும் சேந்து 1999ல கொண்டு வந்த 'ஹவ் ஆர் யூ பீலிங்'. இதுல பொருள்னா காய்கறியும் பழமும்தான். குடமிளகாய், வெங்காயம், ஆரஞ்சு, காளான், முள்ளங்கி, எல்லாத்துக்கும் காராமணிய கண்ணா பதிச்சிருப்பாங்க, நடுவுல கருப்பு புள்ளியோட இருக்கிற அந்தப் பயறு அப்படியே கண்ணு பாப்பா மாதிரி நம்மள பாக்குது. மிச்ச முகத்த அவங்க பெருசா செதுக்கல, அதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. குடமிளகாய்ல தானா விழுந்த மடிப்பு கோவமான வாயாகுது, காம்பு மூக்காகுது, ஒரு பக்கம் லேசா நசுங்கி இருந்தா அதுவே கன்னம். ஆயிரம் காய பொறுக்கிப் பாத்து அதுல ஏற்கனவே இருந்த முகத்த எடுத்துக் காட்டுற மாதிரி ஒரு வேலை. பின்னணி ஒரே கலர், வேற ஒண்ணும் கிடையாது, அதனால கண்ணு நேரா முகத்துக்குப் போகுது.

எழுத்து ரொம்ப கம்மி, முக்கால்வாசி கேள்விகள்தான், சந்தோஷமா இருக்கியா, வெக்கமா இருக்கா, யாராச்சும் உன்ன ஒதுக்கி வச்சா எப்படி இருக்குங்கிற மாதிரி. பதில் புத்தகத்துல இல்ல, அத குழந்தைதான் சொல்லணும். நாம தமிழ்ல சொல்லிக்கிட்டே படிக்கவும் சுலபம். ரெண்டரை மூணு வயசுல, கோவம் வந்தா தரையில விழுந்து உருளத் தெரியும் ஆனா எனக்கு கோவமா இருக்குன்னு சொல்லத் தெரியாது, அந்த வயசுக்கு இதவிட நல்ல புத்தகம் இந்த வகையில நான் பாக்கல. ஒரு பக்கத்த காட்டி நீ இப்ப எந்த வெங்காயம்னு கேட்டா விரல் வச்சு காட்டிடுவாங்க. சில முகம் பயமா ஆச்சரியமான்னு நமக்கே சந்தேகம் வரும், அங்க நீங்க தீர்ப்பு சொல்லாதீங்க, குழந்தை ஒண்ணு சொல்லட்டும் நீங்க ஒண்ணு சொல்லுங்க, அந்தப் பேச்சுதான் வேணும்.

இதுல இருக்கிற சிக்கல் வேற மாதிரி. படிச்சு முடிச்சதும் பிள்ளை கிச்சனுக்குத்தான் ஓடும். காய்க்கு கண்ணு வைக்கிறதுன்னா குழி தோண்டணும், குழி தோண்டணும்னா கத்தி, அப்ப அது பெரியவங்க வேலையாயிடுது, பிள்ளை பக்கத்துல நின்னு பாக்குது. சாப்பாட்டுல விளையாடாதன்னு சொல்ற வீட்டுல இது ஒரு குழப்பத்தயும் கொண்டு வரும். செஞ்சத அன்னைக்கே சமைச்சுடலாம்னு முதல்லயே பேசி வச்சுக்கிட்டா ரெண்டு பிரச்சனையும் தீருது, ஆனா தான் செஞ்ச முகத்த வெட்ட விடாம அழுகிற பிள்ளைங்களும் உண்டு, அத யோசிச்சுக்கோங்க.

மூணாவது, இந்த எல்லாத்துக்கும் மூத்தவரு, ஜூசெப்பே ஆர்ச்சிம்போல்டோ. மிலன்ல பிறந்த பதினாறாம் நூற்றாண்டு ஓவியர், ஹாப்ஸ்பர்க்ங்கிற ஐரோப்பிய அரச குடும்பத்தோட அவையில வேல பாத்தவரு, 1593ல இறந்தாரு. 1563ல நாலு பருவத்தயும் நாலு முகமா வரைஞ்சாரு, 1566ல நெருப்பு, தண்ணி, காத்து, மண்ணுன்னு அடுத்த நாலு. ரெண்டாம் ருடால்ஃப் பேரரசரயே பழமும் காயுமா வரைஞ்சிருக்காரு, பேரிக்காய் மூக்கு, ஆப்பிள் கன்னம், பேரரசரும் அத ரசிச்சிருக்காரு. இவரோட படங்கள வச்சு குழந்தைகளுக்குன்னு வர்ற ஆர்ட் புத்தகங்கள் நிறைய இருக்கு, எந்தப் பதிப்பு கிடைச்சாலும் உள்ள மூணு படம் இருக்கான்னு பாருங்க. ஒண்ணு, முழுக்க முழுக்க புத்தகங்களாலயே ஆன லைப்ரேரியன், கை ஒரு புத்தகம், தலை மேல விரிச்ச ஒரு புத்தகம், தாடிக்கு தூசி தட்டுற பிரஷ். ரெண்டு, ஒரு பாத்திரம் நிறைய காய்கறி, புத்தகத்த தலைகீழா திருப்புனா பாத்திரம் தொப்பியாகி அடியில முகம் வந்துடும். இந்த ஒரு படத்துக்காகவே அச்சடிச்ச புத்தகம் வேணும்னு சொல்லுவேன், ஏன்னா குழந்தை தன் கையால புத்தகத்த திருப்பணும், திருப்பித் திருப்பி பாக்கணும், போன்ல திருப்புனா படமும் சேந்து சுத்திக்கும். மூணாவது படம் கோடைகாலம், அந்தச் சட்டைல காலர்லயும் தோள்லயும் ஓவியர் தன் பேரயும் 1563ங்கிற வருஷத்தயும் நெசவு மாதிரி ஒளிச்சு வச்சிருக்காரு, அத தேடச் சொன்னா பெரிய பிள்ளைங்க பூதக்கண்ணாடி எடுத்துட்டு வருவாங்க.

ஒண்ணு மட்டும் எச்சரிக்கை. தண்ணின்னு ஒரு படம் இருக்கு, மீனு நண்டுன்னு கடல்ல இருக்கிறதெல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு ஒரு முகமா இருக்கும், கழுத்துல முத்து மாலை வேற. எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா சின்னதுங்க பயப்படும். பொதுவாவே ஆர்ச்சிம்போல்டோ முகங்கள் கொஞ்சம் கனமானவை, சிரிக்காது, அதனால ஏழு வயசுக்கு மேலதான் கொடுக்கணும். அதுவுமில்லாம இது ஓவியம், போட்டோ இல்ல. இத பாத்த பிள்ளை நானும் இப்படி வரையணும்னு நினைக்கும், நானும் இப்படி அடுக்கணும்னு நினைக்காது. வரையிறதுல ஆசை உள்ள பிள்ளைக்கு இதவிட நல்ல பரிசு கிடையாது, வரைய வராதுன்னு ஒதுங்குற பிள்ளைக்கு பிவென் புத்தகம்தான் தைரியம் கொடுக்கும். அவரே வரையிறதுல தடுமாறிதான் பொருள் பக்கம் வந்தேன்னு சொல்லியிருக்காரு.

அடுத்து, யாரும் அடுக்காம தானா முகமா இருக்கிற பொருள்கள போட்டோ எடுத்துப் போட்ட புத்தகங்கள். குழாய், பூட்டு, பிளக் பாயிண்ட், பை, ரெண்டு ஓட்டையும் ஒரு கோடும் இருந்தா போதும், நம்ம மூளை முகம்னு முடிவு பண்ணிடும். பிறந்த கொஞ்ச நேரத்துலயே குழந்தைங்க முகம் மாதிரி இருக்கிற வடிவத்துப் பக்கம் திரும்புவாங்கன்னு ஆய்வுகள்ல பாத்திருக்காங்க, அதனால ஒரு வயசுக்கு கீழ உள்ளதுங்களுக்கும் இது வேல செய்யும். கதை கிடையாது, சீக்கிரம் பாத்து முடிஞ்சுடும். கெட்டி அட்டை பதிப்பா இருந்தா கைக்குழந்தைக்கு வாங்கலாம், மத்தவங்க லைப்ரரில எடுத்துப் பாத்தா போதும்.

லோயிஸ் எலர்ட்டோட 'லீஃப் மேன்' (2005) இந்த வரிசையில கொஞ்சம் தள்ளி நிக்குது, ஏன்னா அதுல முகத்தவிட முழு உருவம்தான். உதிர்ந்த இலைகளயும் விதைகளயும் சேத்து ஒரு இலை மனுஷன், காத்து அடிச்சதும் கிளம்பிப் போயிடுறான், போற வழியில வாத்து, கோழி, பசு எல்லாம் இலையாவே வருது. பக்கங்களோட மேல் ஓரத்த மேடு பள்ளமா வெட்டியிருப்பாங்க, அதனால ஒரு பக்கத்துக்குப் பின்னாடி அடுத்த பக்கத்தோட மலை தெரியும். வெளிய நடக்கப் பிடிச்ச குழந்தைக்கு, வீட்டுப் பொருள எடுத்து வச்சா இடைஞ்சலா இருக்கிற குடும்பத்துக்கு, நான் இததான் சொல்லுவேன். இலைக்கு யாரும் சண்டை போட மாட்டாங்க. ஜோன் ஸ்டைனரோட 'லுக் அலைக்ஸ்' (1998) பேரும் இந்தப் பட்டியல்ல அடிக்கடி வரும், அது அன்றாடப் பொருள்கள வச்சே கட்டுன முழு நகரக் காட்சிகள், தேடிக் கண்டுபிடிக்கிற புத்தகம், மணிக்கணக்கா பாக்கலாம், ஆனா முகம் வேணும்னு வாங்குனா ஏமாந்துடுவீங்க.

செஞ்சு பாக்குறதுக்குன்னே புத்தகம் வேணுமான்னு ஒரு கேள்வி இருக்கு. பிவென் 2013ல 'லெட்ஸ் மேக் ஃபேசஸ்'னு ஒண்ணு போட்டிருக்காரு, முகத்த எப்படி பாக்குறது, எந்தப் பொருள எங்க வச்சுப் பாக்குறதுன்னு கூடவே உக்காந்து சொல்லித் தர்ற மாதிரி. கலை பக்கம் போகாத பெரியவங்களுக்கு இது நல்ல உதவி. ஆனா ஏற்கனவே அவரோட கதைப் புத்தகம் ஒண்ணு வீட்டுல இருந்தா இது இல்லாமலே ஓட்டிடலாம்னுதான் எனக்குத் தோணுது, ஒரு தட்டு, ஒரு டப்பா நிறைய சாமான், ஒரு வெள்ளத் தாள் போதும். பசை மட்டும் முதல்லயே கொடுக்காதீங்க. ஒட்டிட்டா முடிஞ்சுபோச்சு, ஒட்டலன்னா மூக்க எடுத்து புருவமாக்கி, கண்ண கொஞ்சம் கிட்ட கொண்டு வந்து, அய்யோ இப்ப கோவமாயிட்டாரு, கொஞ்சம் தள்ளி வச்சா முழிக்கிறாருன்னு பிள்ளை தானே கண்டுபிடிக்கும். பிடிச்சது வந்ததும் நேரா மேல இருந்து ஒரு போட்டோ எடுத்துடுங்க, பக்கவாட்டுல வெளிச்சம் வந்தா பொருளோட நிழல் விழுந்து இன்னும் நல்லா இருக்கும்.

மூணு வயசுக்குக் கீழ உள்ள தம்பி தங்கச்சி அதே தரையில தவழ்றாங்கன்னா இந்த விளையாட்ட மேஜை மேலதான் வைக்கணும். பொம்மைகளுக்கு ஒரு அளவு இருக்கு, சுமாரா 3.2 சென்டிமீட்டர் அகலமுள்ள குழாய்க்குள்ள முழுசா போற சாமான் அந்த வயசுக்கு ஆகாது. வீட்டுல டாய்லெட் பேப்பர் ரோல் குழாய்க்குள்ள போகுதான்னு பாத்தா அது இன்னும் பாதுகாப்பான கணக்கு. பட்டன் பேட்டரியும் சின்ன காந்தமும் எந்த வயசானாலும் அந்த டப்பாவுல வேண்டவே வேண்டாம். பளபளன்னு கண்ணு மாதிரியே இருக்கும், அதான் பயமே. பேட்டரி தொண்டையில மாட்டுனா ரெண்டு மணி நேரத்துலயே உள்ள புண்ணாக்கிடும். ஒரு காந்தத்துக்கு மேல முழுங்குனா குடலுக்குள்ள ஒண்ண ஒண்ணு இழுத்துப் பிடிச்சுக்கும். முழுங்கிட்டாங்கன்னு சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரி.

வாங்குறதுக்கு முன்னாடி கையில எடுத்துப் பாக்க முடிஞ்சா நான் ஒரே ஒரு சோதனை பண்ணுவேன். ஏதாவது ஒரு முகத்துல வாய கையால மூடிட்டு மூக்கா இருக்கிற பொருள மட்டும் பாக்குறது. அது இன்னமும் தெளிவா ஒரு பம்பரமாவோ பூட்டாவோ தெரிஞ்சா நல்ல புத்தகம். கம்ப்யூட்டர்ல இழுத்து வளைச்சு கலர் மாத்தி மூக்குக்காகவே ஆக்கியிருந்தா அந்த இரட்டைப் பார்வை செத்துடும், அப்புறம் அது சாதாரண கார்ட்டூன்தான். முகம் ரெண்டு பக்கத்துக்கும் சேத்து விரிஞ்சிருந்தா நடு மடிப்புல மூக்கு உள்ள போயிடாம இருக்கான்னும் பாத்துக்கோங்க. இதே காரணத்துக்கு போன்ல ஈ-புக்கா பாக்குறத நான் சொல்ல மாட்டேன், சின்ன ஸ்கிரீன்ல பொருளோட தன்மையே தெரியாது, கயித்தோட பிரி தெரியணும், துருப்பிடிச்ச இடம் தெரியணும், குழந்தை நகத்தால சுரண்டி எடுக்கப் பாக்கணும்.

ஆக ஒண்ணுதான் வாங்க முடியும்னா, அஞ்சு வயசுக்கு கீழ 'ஹவ் ஆர் யூ பீலிங்', அதுக்கு மேல டர்ட்டி சாக்ஸ் புத்தகம். ரெண்டு வாங்கலாம்னா, ஏழு வயசுக்கு மேல உள்ள பிள்ளைக்கு ரெண்டாவதா ஆர்ச்சிம்போல்டோ, ஒரே வகையில ரெண்டு வாங்காதீங்க. வயசு தெரியாத குழந்தைக்கு பரிசுன்னா காய்கறிப் புத்தகம், அது எந்த வயசுலயும் யாரயும் கைவிடாது.

கிளாஸ் ரூமுக்கு வாங்குற டீச்சர்களுக்கு மட்டும் இன்னும் ஒண்ணு. பென்சில் புத்தகத்த படிச்சுட்டு பசங்கள ஒருத்தர ஒருத்தர் முகமா செய்யச் சொல்லும்போது, யாராவது ஒரு பிள்ளைய குண்டு, கருப்பு, நாத்தம்னு பொருளால குத்த வழி இருக்கு, நாய்க்கு நாத்த சாக்ஸ்னா எல்லாரும் சிரிக்கலாம், பக்கத்து பெஞ்சுல உக்காந்திருக்கிற பிள்ளைக்கு அத வச்சா அது சிரிப்பு இல்ல. அதனால உடம்ப பத்தி வேண்டாம், அவங்க என்ன செய்வாங்க, எப்படி பழகுவாங்கங்கிறத மட்டும் பொருளாக்கணும்னு முதல்லயே சொல்லிடுங்க. முடிச்சதும் எத ஏன் வச்சேன்னு அந்த ஃப்ரெண்டுகிட்டயே நேர்ல சொல்லணும். கேட்டுட்டு அந்தப் பிள்ளை இது வேணாம்னு சொன்னா மறுபேச்சு இல்லாம அந்தப் பொருள மாத்திடணும், பசை போடாம வச்சிருந்தா அதுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது.